லைனும் லயமும்



ஆங்கிலம் கற்கப் புகும் மாணவர் பெரும்பாலும் நீண்ட சொற்களைக் கண்டே அஞ்சுவர். பன்னிரண்டு எழுத்துக்கள் கொண்ட ஒரு சொல் பாடநூலில் வந்துவிட்டால் அதன் கீழே கோடிட்டு, பொருளை ஓரத்தில் எழுதி, இரவெல்லாம் உருப்போடுவர். ஆனால் நீண்ட சொல் பெரும்பாலும் நேர்மையானது. அது ஒரு பொருளையே சுமந்து வரும். அகராதியைப் புரட்டினால் உடனே அகப்பட்டுவிடும். நம்மைத் தடுமாறச் செய்வன சின்னஞ்சிறு சொற்களே. அவற்றுக்கு அகராதியிலே பக்கம் பக்கமாகப் பொருள் கூறியிருப்பார்கள். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அறியாமல் மாணவன் திகைத்து நிற்பான்.

இஃது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய இயல்பன்று. நம் தமிழிலே ‘அடி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாதமும் அடி, பன்னிரண்டு அங்குலமும் அடி, செய்யுளின் உறுப்பும் அடி, மரத்தின் கீழ்ப்பாகமும் அடி, ஆசிரியர் பிரம்பால் கொடுப்பதும் அடி. தமிழ்ப் பிள்ளை எவரும் இவற்றுள் மயங்குவதில்லை. அருகில் நிற்கும் சொல் பொருளைக் காட்டிவிடுகிறது. பிறமொழியில் அந்தப் பழக்கம் நமக்கு இல்லாமையாலேயே இடர்ப்படுகிறோம்.

இன்று அவ்வாறான ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிப் பேசக் கருதுகிறேன். ஆங்கிலத்தில் நான்கே எழுத்துக்கள், ஒலிப்பதற்கோ ஓரசை. ‘லைன்’ என்பது அச்சொல். மலைநாட்டிலே பிறந்து வளர்ந்த நமக்கு இந்தச் சொல்லை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்னரே நாம் அதை அறிவோம். நம்மில் மிகப் பலர் அந்தச் சொல்லுக்குள்ளேயே பிறந்தவர்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் சணலைப் போன்ற ஒரு நார்ச்செடிக்கு ‘லீனும்’ என்று பெயர். அந்தச் செடியின் நாரினால் நெய்த துணியையே இன்றும் ‘லினன்’ என்கிறோம். அந்த நாரைத் திரித்துச் செய்த நூலுக்கு ‘லீனியா’ என்று பெயர். அதுவே பழைய ஆங்கிலத்திற் புகுந்து கயிறு என்னும் பொருளில் வழங்கிற்று. பின்னர் அதே இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழியின் வழியாக இன்னொரு முறை ஆங்கிலத்தை அடைந்து, கோடு, வரிசை என்னும் பொருள்களைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒரே சொல் இரண்டு வாயில்களால் ஒரே வீட்டுக்குள் வந்தது என்று சொல்லலாம். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

நூல் எப்படிக் கோடாயிற்று? தச்சன் மரத்தை அறுக்குமுன் மை தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துத் தெறிக்கிறான். மரத்தின்மேல் நேர்கோடு விழுகிறது. கொத்தனார் சுவர் எழுப்புமுன் கயிறு பிடிக்கிறார். கல் நேராக அடுக்கப்படுகிறது. கயிற்றிலிருந்து கோடும், கோட்டிலிருந்து வரிசையும் பிறந்தன. தமிழிலும் ‘நூல்’ என்பது இத்தகைய பயணம் செய்த சொல்லே. பஞ்சிலிருந்து திரித்த இழையும் நூல். அறிஞர் இயற்றிய ஏடும் நூல். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பது போல மனத்தின் கோணலைத் தீர்ப்பதால் ஏட்டுக்கு நூல் என்று பெயர் வந்தது என நன்னூலின் பாயிரம் காரணம் காட்டுகிறது. மக்கள் எங்கும் கைத்தொழிலைக் கண்டே கருத்தை உண்டாக்கினார்கள் என்பதற்கு இவ்விரண்டு சொற்களும் சான்று.

இனி இச்சொல் எத்தனை கிளைகளாய்ப் பிரிந்தது என்பதைப் பார்ப்போம். முதற்கிளை கயிறு. மீன் பிடிக்கும் தூண்டிற்கயிறும், ஈரத்துணி உலர்த்தும் கொடியும் லைன்களே. இரண்டாவது கோடு. கணித ஆசிரியர் பலகையில் வரைவதும், முதியவரின் நெற்றியில் விழுந்த சுருக்கமும், கைரேகையும் இதன்பாற்படும். நிலநடுக்கோட்டைக் கப்பலோட்டிகள் அடைமொழி எதுவுமின்றி ‘அந்த லைன்’ என்றே குறிப்பிட்டனர். கோடு நிலத்தைப் பிரிக்குமாதலால் மூன்றாவதாக எல்லை என்னும் பொருள் உண்டாயிற்று.

நான்காவது வரிசை. அமெரிக்கர் கடை முன்னே ‘லைனில்’ நிற்பர். ஆங்கிலேயரும் நாமும் ‘கியூ’விலே நிற்போம். ஐந்தாவது எழுத்தின் வரிசை. அச்சிட்ட பக்கத்தின் வரியும், கவிதையின் அடியும், நாடக நடிகர் மனப்பாடம் செய்யும் வசனமும் இதில் அடங்கும். குறும்பு செய்த மாணவனை ஒரே வாக்கியத்தை நூறு முறை எழுதுமாறு தண்டிப்பதும் ஆங்கிலப் பாடசாலைகளில் இப்பெயராலேயே வழங்கியது. ஆறாவது தடம். ரெயில் ஓடும் பாதையும், மின்சாரம் செல்லும் கம்பியும், தொலைபேசித் தொடர்பும், ஒரே வழியில் பல கப்பல்களை ஓட்டும் நிறுவனமும் இந்தக் கிளையைச் சேர்ந்தவை. ஏழாவது வமிசம், தந்தை, மகன், பேரன் என்று நூல்போல் நீண்டுவரும் மரபு. எட்டாவது தொழில், ஒருவர் ‘என்ன லைனில்’ இருக்கிறார் என்று கேட்பதில் அப்பொருள் உள்ளது. ஒன்பதாவது, அரசியற் கட்சிகள் வகுத்துக்கொள்ளும் கொள்கைப் போக்கு.

வினைச்சொல்லாக வரும்போது இன்னும் ஒரு விந்தை உண்டு. தையற்காரர் மேற்சட்டைக்குள் வைத்துத் தைக்கும் உட்துணியை ‘லைனிங்’ என்கிறார். இதற்கும் கோட்டிற்கும் என்ன தொடர்பு? யாதொன்றுமில்லை. முற்காலத்தில் உட்புறம் வைத்துத் தைப்பதற்கு லினன் துணியைப் பயன்படுத்தினார்கள். அத்துணியின் பெயரே வினையாயிற்று. மீண்டும் அந்தப் பழைய நார்ச்செடியினிடத்தே வந்து நிற்கிறோம்.

வேறு சொற்களோடு கூடும்போது இச்சொல் கதைகளையும் தன்னுள்ளே ஒளித்து வைக்கிறது. இன்று எந்த அலுவலகத்திலும் விண்ணப்பத்தின் இறுதி நாளை ‘டெட்லைன்’ என்பர். நேருக்கு நேர் மொழிபெயர்த்தால் மரணக்கோடு என்று ஆகும். 1860களில் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது போர்க்கைதிகளை அடைத்து வைத்த முகாம்களில் வேலிக்கு உட்புறமாக ஓர் எல்லை குறித்திருந்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுட்டுவிடலாம். அந்தக் கொடிய எல்லையின் பெயர்தான் பிற்காலத்தில் பத்திரிகை அலுவலகங்களிற் புகுந்து, இறுதி நேரம் என்று சாதுவான பொருளைப் பெற்றது. சொற்கள் தாம் பிறந்த இடத்தின் கொடுமையை மறந்துவிடுவதும் உண்டு என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இத்தனை பொருளையும் தமிழில் ஒரே சொல்லால் பெயர்க்க முயல்வது தவறு. கயிறு, கொடி, கோடு, ரேகை, எல்லை, வரிசை, நிரை, வரி, அடி, தடம், வழி, மரபு, துறை, போக்கு என்று தமிழில் அந்தந்த இடத்துக்கு உரிய சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் செடிகளின் வரிசையை ‘நிரை’ என்பார்கள். அவரவர்க்கு உரிய நிரையைப் பிடித்துக்கொண்டு மேலேறுவார்கள். சங்க நூல்களிற் பயின்ற இந்தப் பழந்தமிழ்ச் சொல்லை எவரும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. துரைமார் அதே வரிசையை ஆங்கிலத்தில் எப்படி அழைத்தாலும், நம் தாய்மார் ‘நிரை’ என்ற சொல்லைக் கைவிடவில்லை. அப்படியானால் அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு மட்டும் ஏன் ஆங்கிலச் சொல் நிலைத்தது? இதுவே இன்றைய பேச்சின் மையமான வினா.

இதற்கு விடை காண லைன் என்பதன் பத்தாவது கிளைக்கு வரவேண்டும். அது படைமுகாமிலே பிறந்த பொருள். போர்வீரர் தங்குவதற்கு வரிசை வரிசையாக அமைத்த கூடாரங்களையும் குடிசைகளையும் ஆங்கிலேயர் ‘லைன்ஸ்’ என்றனர். இந்தியாவில் அவர்கள் பாளையம் அமைத்த இடமெல்லாம் இச்சொல் பரவிற்று. தில்லி முதலிய நகரங்களில் ‘சிவில் லைன்ஸ்’ என்னும் பகுதிகள் இன்றும் அப்பெயரோடு இருக்கின்றன. காவலர் குடியிருப்பு ‘போலீஸ் லைன்’ எனப்பட்டது. கோவைப் பக்கத்தில் ஒரே கூரையின்கீழ் வாடகைக்கு விடப்படும் தொடர்வீடுகளை ‘லைன் வீடு’ என்கிறார்கள். தோட்டத் தொழிலுக்காகத் தமிழர் கொண்டுசெல்லப்பட்ட மலாயாவிலும் பீஜித் தீவிலும் குடியிருப்புக்களுக்கு ஆங்கிலேயர் இதே பெயரைச் சூட்டினர். ‘கூலி லைன்’ என்பது அக்காலத்து ஆவணங்களில் வழங்கிய தொடர். அதன் முற்பகுதி நம் தமிழ்ச் சொல்லிலிருந்தே சென்றது என்று அறிஞர் பலர் கருதுவர். தமிழ்ச் சொல் ஒன்றும் ஆங்கிலச் சொல் ஒன்றும் சேர்ந்து கடல் கடந்து திரிந்தன.

இலங்கையின் மலைகளிலே முதலில் கோப்பி பயிரிடப்பட்டது. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. சில ஆண்டுகளுக்குள் கோப்பி அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்காக வந்தவர்கள் பருவத்தில் வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவோராயிருந்தனர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து கொடுப்பது. ஆதலின் ஆட்களும் ஆண்டு முழுவதும் தோட்டத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. ஆனால் வந்து போவோருக்காக வகுத்த முகாம் அமைப்பே தங்கி வாழ்வோருக்கும் வீடாயிற்று. நீண்ட ஒரே கட்டடம், அதைக் குறுக்குச் சுவர்களாற் பிரித்த அறைகள், மேலே தகரம், முன்னே சிறு தாழ்வாரம். ஓர் அறை ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை.

படைமுகாமின் சாயல் இதில் மட்டுமன்று. விடியற்காலையில் தொழிலாளர் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் இடத்தைத் தோட்டங்களிலே ‘பிரட்டுக்களம்’ என்பார்கள். ‘பிரட்டு’ என்பது ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. படைவீரர் அணிவகுத்து நிற்றல் என்பது அதன் பொருள். வீடும் படைமுகாமின் சொல். வேலைக்குக் கூடும் இடமும் படைமுகாமின் சொல். தோட்டத்தை அமைத்தவர் மனத்தில் என்ன உருவம் இருந்தது என்பதை வரலாற்று நூல்களைவிட இவ்விரண்டு சொற்களும் சுருக்கமாகக் காட்டிவிடுகின்றன. வரிசையாகக் குடியிருத்தினால் எண்ணுவது எளிது; எழுப்புவது எளிது; கட்டுவதற்கும் செலவு குறைவு. நிரை என்பது நாம் கைகளால் உழைத்த இடம். அதற்கு நம் சொல்லை வைத்துக்கொண்டோம். லைன் என்பதோ பிறர் நமக்கென்று வகுத்த இடம். ஆகவே வகுத்தவரின் சொல்லே அதற்கு ஒட்டிக்கொண்டது.

எனினும் நம் முன்னோர் அச்சொல்லை வாங்கியபடியே வைத்திருக்கவில்லை. அவர்கள் அதைச் செய்த விதம் இலக்கணம் கற்றவர்க்கு வியப்பளிப்பது. ‘லைன்’ என்பதில் உள்ள ஐகாரம் விரிந்து ‘லயன்’ ஆயிற்று. பின்னர் ஈற்றிலுள்ள னகரம் மகரமாகி ‘லயம்’ ஆயிற்று. நிலம் என்பது நிலன் என்றும், கலம் என்பது கலன் என்றும் வருவதை இறுதிப்போலி என்று நன்னூல் படித்தவர் அறிவர். இங்கே அதே வாய்பாடு எதிர்த்திசையில் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். மகர ஈறு வந்தவுடன் ‘மரம்’ என்பதைப் போல அதற்கு அத்துச் சாரியையும் வந்துவிட்டது: லயத்தை, லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளைகள். எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்கள், தமிழின் ஒலிமரபு பிறழாமல் ஓர் அயற்சொல்லைத் தமிழாக்கிவிட்டார்கள். அவர்கள் அறியாமையால் ஆங்கிலத்தைச் சிதைத்தார்கள் என்று சொல்வது பொருந்தாது. தம் மொழியின் இயல்பு அவர்கள் நாவிலேயே இருந்தது.

வடமொழியிலிருந்து வந்த ‘லயம்’ ஒன்றும் தமிழில் உண்டு. ஒன்றுதல், ஒடுங்குதல் என்பன அதன் பொருள். இசையிலே தாளத்தின் ஓட்டத்தையும் அச்சொல் குறிக்கும். குதிரை கட்டும் ‘லாயம்’ வேறு ஒன்று. அறையின் நெருக்கத்தைக் கண்டு மனம் நொந்தவர்கள் லாயமே லயமாயிற்று என்று எண்ணக்கூடும். அவர்கள் நோவில் நியாயம் உண்டு. ஆனால் இவையெல்லாம் ஒலியால் ஒத்திருப்பன மாத்திரமே. நம் லயத்தின் தாய் அந்த நான்கெழுத்து ஆங்கிலச் சொல்தான். சிங்கள மொழியிலும் ‘லயின் காமர’ என்று வழங்குவது இதை உறுதிப்படுத்தும்.

அந்த ஒரு லயத்துக்குள் இன்னும் எத்தனை நாட்டார் இருக்கிறார்கள் பாருங்கள். லயத்து அறையைக் ‘காம்பரா’ என்கிறோம்; அது போர்த்துக்கேயச் சொல். முன் தாழ்வாரத்தை ‘இஸ்தோப்பு’ என்கிறோம், அது ஒல்லாந்தருடையது. கட்டடம் முழுவதற்கும் ஆங்கிலப் பெயர். உள்ளே எரிவதோ தமிழ் அடுப்பு. இலங்கையை அடுத்தடுத்து ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் பத்தடி அறைக்குள் ஒவ்வொரு சொல்லை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

எங்கள் ராகலையில் இதே சொல்லின் இன்னொரு பொருளும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரையில் இரண்டரையடி அகலமுள்ள குறுகிய ரெயில் பாதை ஒன்று ஓடிற்று. உடப்புசல்லாவைப் பாதை என்று அதற்குப் பெயர். 1903ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்கும் 1904ஆம் ஆண்டில் ராகலைக்கும் அது திறக்கப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைச் சுமந்து சென்ற அந்த ரெயில், மோட்டார் லொறிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாமல் 1940களில் நின்றுபோயிற்று, தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. ரெயில் லைன் மறைந்துவிட்டது. ஆனால் அந்த ரெயிலுக்குத் தேயிலை கொடுத்தவர்களின் லைன்களோ நின்று நிலைத்தன.

இங்கே மொழிநூல் காட்டும் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வீட்டு வரிசை ‘லயம்’ ஆயிற்று. ரெயிலின் பாதையும் மின்கம்பியும் தொலைபேசியும் ‘லைன்’ என்றே நின்றன. ‘டெலிபோன் லயம்’ என்று எவரும் சொல்வதில்லை. காரணம், நாம் ஒரே சொல்லை இருமுறை கடன் வாங்கினோம். முதன்முறை காதினால் வாங்கினோம். பிரட்டுக்களத்திலும் மலையிலும் கேட்டதை நம் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டோம். இரண்டாம் முறை, பள்ளிக்கூடமும் பத்திரிகையும் வந்தபின், கண்ணினால் வாங்கினோம். எழுத்தைப் பார்த்து ஒலித்தோம். ஆங்கிலேயர் இலத்தீனிடம் இருமுறை வாங்கினார்கள் என்று முன்னர் சொன்னேன் அல்லவா? அதே செயலை நாமும் செய்திருக்கிறோம்.

ஆறாம் வகுப்பிலே ஒருமுறை இச்சொல்லைப் பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். கடைத்தெருவிலிருந்து வரும் மாணவன் ‘கோடு’ என்றான். மின்சார வேலை செய்பவரின் மகள் ‘கரண்டு போகும் கம்பி’ என்றாள். பின்வாங்கிலிருந்த தோட்டத்துச் சிறுமி மெதுவாக, ‘எங்க வீடு, சார்’ என்றாள். வகுப்பிலே சிலர் சிரித்தார்கள். அகராதியைக் கொண்டுவரச் செய்து, மூன்று விடையும் சரியானவை என்பதை அவர்களைக் கொண்டே வாசிப்பித்தேன். சிரிப்பு அடங்கிற்று. ஆனால் அந்தச் சிறுமி அடுத்த வாரம் எழுதிய கட்டுரையில் ‘லயம்’ என்ற சொல்லே இல்லை; ‘எங்கள் இல்லம்’ என்று எழுதியிருந்தாள். அவள் இல்லத்திற் குடியிருந்தால் எனக்கு மகிழ்ச்சியே. குடியிருப்பது லயத்தில், எழுதுவது மட்டும் இல்லம் என்றால், அந்தச் சொல் எதையோ மூடி மறைக்கிறது என்று பொருள். ஆசிரிய நண்பர்களிடம் நான் பணிவுடன் கேட்பது இதுதான்: பிள்ளைகளின் கட்டுரையில் ‘லயம்’ என்று கண்டால் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். அது பிழையன்று, நூற்றாண்டுக்கு மேற்பட்ட வழக்கு.

சொல்லைப் பற்றிப் பேசுவது வெறும் மொழியாராய்ச்சிதானா என்று நேயர் சிலர் நினைக்கலாம். அன்று. வரிசை என்னும் அந்தப் பொருள் இன்றும் மக்கள் வாழ்வில் கைவைக்கிறது. வரிசையில் நிற்பவருக்குத் தனி முகவரி இல்லை. லயங்களில் வாழும் குடும்பங்கள் மிகப் பலவற்றுக்குத் தோட்டத்தின் பெயரே முகவரி. வீட்டு இலக்கமும் தெருவின் பெயரும் கிடையா. மேட்டு லயம், பள்ளத்து லயம், ஸ்டோர் லயம் என்று நமக்குள் சொல்லிக்கொள்கிறோமேயன்றி, அவை கடிதத்தின் மேலுறையில் செல்லுபடியாகும் பெயர்கள் அல்ல. கடிதங்கள் மொத்தமாக ஓரிடத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறிச் செல்லும். எங்கள் மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சையில் நன்கு தேறித் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நடந்து நான்கு நாட்கள் கழித்து அவள் கைக்கு வந்தது. அதே தோட்டத்தில் அதே பெயருடன் இன்னொருத்தி இருந்தாள். கடிதம் அவள் லயத்துக்குப் போய்த் திரும்பியிருந்தது. எவரையும் குறை சொல்ல இதைக் கூறவில்லை. கோட்டிலே புள்ளியைக் குறித்துக் காட்டாவிட்டால் கடிதம் எந்தப் புள்ளியைத் தேடிச் செல்லும்?

2020ஆம் ஆண்டில் தொற்றுநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இச்சொல்லின் மிகப் புதிய பொருள் ஒன்று நம்மிடம் வந்தது. ‘ஒன்லைன்’ வகுப்பு என்றார்கள். இணையத் தொடர்பில் இருத்தல் என்பது பொருள். மலைச்சரிவுகளிலே அலைவரிசை கிடைக்காமல், பிள்ளைகள் கைத்தொலைபேசியை ஏந்திக்கொண்டு மேட்டுக்கு மேடு ஏறினார்கள். பல வீடுகளில் ஒரு தொலைபேசிக்கு மூன்று மாணவர். லயத்திற் பிறந்த பிள்ளைக்கு ஒன்லைன் எட்டவில்லை. ஒரு சொல்லின் பழைய பொருளுக்கும் புதிய பொருளுக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த மாதங்களில் நாங்கள் கண்கூடாகக் கண்டோம்.

மாறுதல் இல்லாமல் இல்லை. அண்மை ஆண்டுகளில் தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு அமைக்கும் திட்டங்கள் தொடங்கின. இந்திய அரசின் உதவியுடன் நாலாயிரம் வீடுகள் என்று ஆரம்பித்த திட்டத்துக்கு மேலும் பத்தாயிரம் வீடுகள் 2017இல் அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுரஅடி. பழைய காம்பராவோ 120 சதுரஅடி. பதினாறு மடங்கு வேறுபாடு. அந்த வீடுகளில் சுவர் நான்கும் அந்தக் குடும்பத்துக்கே உரியவை, இலக்கமும் உண்டு. ஆயினும் இன்றும் பெருந்தொகையான குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. மலையக மக்களின் வருகையின் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. இருநூறு ஆண்டு என்பது ஒரு முகாமுக்கு மிக நீண்ட காலம்.

நேயர்களே, இத்தகைய குறுஞ்சொற்களைக் கற்கும் மாணவர்க்கு மூன்று யோசனைகள் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, சொல்லைத் தனியே உருப்போடாதீர்கள். அதன் துணைச்சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். மீனோடு வந்தால் கயிறு, கவிதையோடு வந்தால் அடி, ரெயிலோடு வந்தால் பாதை. இரண்டாவது, எல்லாப் பொருளுக்கும் அடியில் இருக்கும் மூலப்பொருளைத் தேடுங்கள். இழுத்துப் பிடித்த நூல் ஒன்றை மனத்திலே வைத்துக்கொண்டால், இச்சொல்லின் பொருள்கள் பெரும்பாலும் அதிலிருந்தே விளங்கிவிடும். மூன்றாவது, அகராதி தரும் பொருளோடு உங்கள் ஊர் தரும் பொருளையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அது அகராதியில் ஒரு மூலையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்காக அது தாழ்ந்த பொருள் ஆகிவிடாது.

லயங்கள் ஒருநாள் இல்லாமற்போக வேண்டும். அவற்றின் இடத்தில் இலக்கமிட்ட வீடுகள் எழ வேண்டும். அந்நாள் விரைவில் வரட்டும். ஆனால் அந்த வீடுகளிற் பிறக்கும் பிள்ளைகளுக்கு லயம் என்ற சொல்லின் பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு அப்போதும் நமக்கு இருக்கும். தம் பாட்டனார் எங்கே குடியிருந்தார், அந்த அயற்சொல்லை எவ்வாறு தமக்குரியதாக்கிக்கொண்டார் என்பதை அப்பிள்ளைகள் அறிந்திருப்பது நன்று.